கோல் காத்த கைகள்



திடலில் நம்ம பசங்க பந்து விளையாடத் தொடங்கும்போது ஒரு சண்டை வரும். கோல் அடிக்க எல்லாரும் முந்துவாங்க. கோல் கம்பத்தின் முன் நிற்க ஒருவருக்கும் மனசு வராது. கோல் அடித்தவனைத் தோளில் தூக்குகிறோம். பத்துப் பந்தைப் பிடித்தவனை மறந்துவிடுகிறோம். ஒரு பந்தை விட்டால் மட்டும் அவன் பெயர் எல்லார் வாயிலும் அடிபடும்.

அந்த இடத்தில் நின்று நாடறியப் பெயர் வாங்கிய தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் ஆர். ஆறுமுகம்.

1953ஆம் ஆண்டு போர்ட்டிக்சனில் பிறந்த ஆறுமுகம், சிலாங்கூர் அணிக்கும் மலேசிய அணிக்கும் கோல் காவலராக விளங்கினார். கைகள் நல்ல நீளம். எட்டாத பந்தையும் பாய்ந்து பிடிப்பார். அதனால் ரசிகர்கள் அவரை ‘ஸ்பைடர்மேன்’, அதாவது சிலந்தி மனிதன் என்று செல்லமாக அழைத்தார்கள்.

அவர் காலத்து மலேசிய அணியை எண்ணிப் பாருங்கள். கோல் அடிக்க மொக்தார் டஹாரி. தற்காப்பில் சோ சின் அவுன், சந்தோக் சிங். கோல் கம்பத்தில் ஆறுமுகம். மலாய்க்காரர், சீனர், சீக்கியர், தமிழர் என்ற பேதம் பந்துக்குத் தெரியாது. ஒருவரை ஒருவர் நம்பி ஆடினார்கள். 1977இலும் 1979இலும் சீ விளையாட்டுப் போட்டியில் மலேசியா காற்பந்துத் தங்கம் வென்றது.

1980ஆம் ஆண்டு கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று நடந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது பலம் வாய்ந்த தென் கொரியா. ஜேம்ஸ் வோங் அடித்த வெற்றி கோலால் 2-1 என்று மலேசியா வென்றது. மாஸ்கோவுக்குப் போகும் உரிமை கிடைத்தது.

ஆனால் போக முடியவில்லை! 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தது. அதைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அதில் சேர்ந்தது. நம் இடத்தில் ஈராக் ஆடியது. வியர்வை சிந்தி வாங்கிய சீட்டு கையிலேயே தங்கிப்போனது.

1988 டிசம்பரில் சாலை விபத்தொன்றில் ஆறுமுகம் காலமானார். வயது 35தான். 2016இல் அந்த 1980 வெற்றியை ஒட்டி எடுக்கப்பட்ட ‘ஓலா போலா’ திரைப்படத்தில் ஒரு தமிழ்க் கோல் காவலரும் வருகிறார். அதைப் பார்த்த இளையோர் பலர் அந்தப் பழைய வீரர்களைத் தேடித் தெரிந்துகொண்டார்கள்.

ஒலிம்பிக்கில் ஆடவில்லையே, அப்படியானால் அவர்கள் உழைப்பு வீணா? இல்லை. வாசல் அடைபட்டது அவர்கள் குற்றமன்று. வாசல்வரை நடந்து போனது அவர்கள் திறமை. அதை எவரும் பறிக்க முடியாது.

பெற்றோர்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளைக் கைதட்டி வாழ்த்துவோம். பரிசு இல்லாமல் வீடு திரும்பும் பிள்ளையையும் "நீ எதுக்கும் லாயக்கில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். தம்பிக்குச் சோறு போட்டு, வீட்டைப் பெருக்கி, அதன் பிறகு புத்தகம் எடுக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்களும் கோல் காப்பவர்களே. அவர்கள் பெயரையும் மறக்காமல் சொல்லுவோம்.

வாழ்க ஆறுமுகம் புகழ்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!