ஒரே வீதி, இரண்டு விண்ணப்பங்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வசிக்கும் ஒரு முதியவருக்குப் பக்கவாதத்தால் ஒரு பக்கக் கைகால் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைவீட்டின் மாடியில் குடியிருப்பு. இறங்கச் செங்குத்தான மரப்படி. கீழே அஞ்சடி நடைபாதை, கடைக்குக் கடை ஏறி இறங்கும். 1801இல் எழுந்த பள்ளிவாசல் எட்டும் தூரத்தில்தான். ஆனால் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது ஒற்றைக் காலில் நின்று மறுகாலைக் கழுவ வேண்டும். அதற்கு உடல் நிலைகொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போவதே அவருடைய ஆசை. அந்த ஆசையை இலக்காக வைத்துப் படி, அஞ்சடி, ஒளு ஒவ்வொன்றையும் அவருக்குக் கைவரச் செய்வதே தொழில்வழிச் சிகிச்சை.

இப்படிப்பட்டவர்களோடு சில ஆண்டு பணியாற்றிய மலேசியச் சிகிச்சையாளர் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க நினைத்தால், முதன்மையாக இரு பாதைகள் உண்டு. ஒன்று, மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஆய்வுவழிப் பிஎச்டி. மற்றொன்று, அமெரிக்காவில் பரவலான ஓடிடி எனும் தொழில்முறை முனைவர் பட்டம். இரண்டையும் பெரிது சிறிது என்று அடுக்குவது தவறு. அவை விண்ணப்பதாரரிடம் கேட்பதே வேறு.

பிஎச்டி விண்ணப்பத்தின் உயிர் ஆய்வு முன்மொழிவு. பொதுவாக முதுகலைப் பட்டம் வேண்டும்; அதைவிட, உங்கள் கேள்வியில் ஈடுபாடுள்ள மேற்பார்வையாளர் வேண்டும். படிவத்தை நிரப்புமுன் அவருடைய கட்டுரைகளைப் படித்து, இரண்டு பக்கச் சுருக்கத்தோடு எழுதிக் கேட்பதுதான் முறை. மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், கேள்வி கூர்மையாக இல்லாவிட்டால் கதவு திறப்பது கடினம்.

ஓடிடியில் முதலில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வேறு துறையில் பட்டம் பெற்றவர் தொழிலுக்குள் நுழையப் படிப்பது ஒரு வகை. இதற்கு, தொழில்வழிச் சிகிச்சைப் படிப்புகளை அங்கீகரிக்கும் ஏகோட் அமைப்பின் அங்கீகாரம் அவசியம். ஏற்கெனவே சிகிச்சையாளராக இருப்பவர் மேற்படிப்பாகப் படிப்பது இன்னொரு வகை. ஏகோட் அங்கீகாரம் இதற்குக் கிடையாது. முதல் வகைக்குப் பெரும்பாலான கல்லூரிகள் ஓடிகாஸ் என்ற பொது விண்ணப்ப முறையைப் பயன்படுத்துகின்றன. மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள், தன்விளக்கக் கட்டுரை ஆகியவற்றோடு, சிகிச்சையை நேரில் பார்த்த மணிநேரக் கணக்கையும் பல கல்லூரிகள் கேட்கும். நம் சிகிச்சையாளருக்குப் பொருந்துவது இரண்டாம் வகையே. அமெரிக்காவில் பணியாற்றுவது நோக்கமானால், வெளிநாட்டில் படித்தவரின் தகுதியை என்பிசிஓடி என்ற சான்றளிப்பு வாரியம் தனியே பரிசீலிக்கும். சேருமுன் இதை விசாரிக்காமல் பணம் கட்டக் கூடாது.

அதே முதியவர் இரு விண்ணப்பங்களிலும் எப்படி இடம்பெறுவார்? பிஎச்டி முன்மொழிவில் அவர் ஒரு கேள்வியாக வருவார்: பக்கவாதத்துக்குப் பின் கூட்டு வழிபாட்டுக்குத் திரும்புவதை எவை தடுக்கின்றன? 1991இல் கனடாவில் வெளிவந்த சிஓபிஎம் என்ற அளவுகோல், நோயாளியே தனக்கு முக்கியமான செயல்களைச் சொல்லி, செய்யும் திறனுக்கும் மனநிறைவுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட வைக்கிறது. பினாங்குத் தமிழ் முஸ்லிம் முதியவர்களிடம் அது நம்பகமாக அளக்கிறதா என்பதே ஓர் ஆய்வுக்குப் போதுமான பொருள். ஓடிடி கட்டுரையில் அவர் ஒரு திட்டமாக வருவார்: பள்ளிவாசல் நிர்வாகத்தோடு பேசி ஒளு இடத்தில் இருக்கையும் கைப்பிடியும் அமைப்பது, குடும்பத்தாருக்குப் பயிற்சி தருவது, பலனைப் பதிவுசெய்வது. முதல் வகையான நுழைவுநிலை ஓடிடியிலும், நிறைவுப் பணிக்கு ஏகோட் விதிக்கும் 14 வாரம், அதாவது 560 மணி நேரம், இத்தகைய வேலைக்கு இடம் தருகிறது.

பலனிலும் வேறுபாடு உண்டு. பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்கும் ஆய்வு மானியத்துக்கும் பிஎச்டியே வலுவான அடித்தளம். மருத்துவமனையில் புதிய சேவை தொடங்க, ஒரு பிரிவை நடத்த, ஓடிடியின் பயிற்சி நேரடியாக உதவும். ஆனால் கட்டணம் டாலரில். தொழில் செய்ய இரண்டும் கட்டாயமல்ல. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் 774ஆவது சட்டம் கேட்பது பதிவையும் தொழில் சான்றிதழையும்தான். 2027 முதல் நுழைவுக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2017இல் அறிவித்த அமெரிக்காவிலேயே, 2019இல் முதுகலை, முனைவர் பட்டம் இரண்டும் செல்லும் என்று முடிவாயிற்று.

ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டாம். அந்த முதியவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத எழுத 'ஏன்' என்ற கேள்வி வளர்ந்தால் மேற்பார்வையாளரைத் தேடுங்கள். 'இதை நாளை எப்படி மாற்றுவது' என்ற வேகம் வளர்ந்தால் ஓடிடியைத் தேடுங்கள். இரண்டும் வளரவில்லை என்றால், இன்னும் ஓராண்டு நோயாளிகளோடு இருப்பதே நல்ல தயாரிப்பு. எந்தத் தேர்வுக் குழுவும் மதிக்கும் அனுபவம் அது.