டி மாடலும் கொதிநீரும்

1908ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரில் பிறந்து, 1927இல் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது ஒன்றரைக் கோடிக்கு மேல் பெருகியிருந்த ஃபோர்டு கம்பெனியின் டி மாடல் காரில், தொடக்கத்து வண்டிகள் ஏறத்தாழ 2,500 நீங்கலாக, தண்ணீர்ப் பம்பு என்பதே கிடையாது. காய்ந்த நீர் இலேசாகி மேலெழுந்து ரேடியேட்டரை அடைவதும், அங்கே குளிர்ந்து கனத்து மீண்டும் எஞ்சினுக்குள் இறங்குவதுமாகிய பிரகிருதி நியதியையே நம்பி அமைந்த இந்த ஏற்பாடு, நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே தாழ்ந்த மாத்திரத்தில் ஸ்தம்பித்துவிடும்.

ஆனால் மேட்டுப்பாதையில் ஆவி சீறும்போது, அனுபவசாலியான சாரதி ரேடியேட்டரைக் கோபிப்பதற்கு முன்பு ஸ்டீயரிங் சக்கரத்தின் இடப்புற நெம்புகோலைத்தான் பார்ப்பான். கைப்பிடி சுழற்றி வண்டியைக் கிளப்புகையில் எஞ்சின் எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறித்துவிடாதிருக்க, தீப்பொறியைத் தாமதப்படுத்தும் பொருட்டு அந்த நெம்புகோலை மேலே தள்ளி வைப்பது வழக்கம். கிளம்பிய உற்சாகத்தில் அதைக் கீழிறக்க மறந்தாலோ, காலங்கடந்து எரியும் வாயு தன் உஷ்ணத்தையெல்லாம் சுவர்களிலே கொட்டிவிடும். (எலும்பைக் காக்கும் உபாயமே எஞ்சினுக்குப் பகையாவது விசித்திரந்தான்!) அதிலும் குற்றமில்லையெனில், தளர்ந்த விசிறி வாரையும், சுண்ணாம்புப் படிவம் அடைத்த குழாய்களையும் சோதிப்பார்கள்.

ரேடியேட்டர் மூடியின்மேல் ஆசனமிட்டு உஷ்ணத்தைக் காட்டிய மோட்டோமீட்டர் என்னும் கருவி பின்னாளில் பிரசித்தமடைந்தது. எனினும், கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டி வார்ப்பிரும்பைப் பிளக்கச் செய்யும் அவசரத்தை அது தடுத்ததாகத் தோன்றவில்லை.