ஜுவானிட்டா புரூக்ஸ்

ஜுவானிட்டா புரூக்ஸ் (ஜனவரி 15, 1898 - ஆகஸ்ட் 26, 1989) ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வாழ்ந்த வரலாற்றாளர், ஆசிரியர், எழுத்தாளர். 1857 ஆம் ஆண்டு மோர்மன் குடியேறிகள் நிகழ்த்திய மவுண்டன் மெடோஸ் படுகொலையைப் பற்றி இவர் எழுதி 1950 இல் வெளிவந்த நூல், அந்நிகழ்வு குறித்த முதல் முழுமையான, நடுநிலை வாய்ந்த ஆய்வாகக் கருதப்படுகிறது. இவர் பிறப்பால் மோர்மன். இறுதிவரை அச்சமயத்தை விட்டு விலகாதவர். தம் சமயத்தவர் செய்த மிகக் கொடிய செயலை, அச்சமயத்தின் உள்ளிருந்தபடியே எழுதியதுதான் இவரைப் பிற வரலாற்றாளர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது.

மோர்மன் என்பது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்களைக் குறிக்க நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர். 1830 இல் ஜோசப் ஸ்மித் நியூயோர்க் மாநிலத்தில் இச்சபையை நிறுவினார். 2018 முதல் இப்பெயரைத் தவிர்த்து முழுப்பெயரையே பயன்படுத்துமாறு சபை கேட்டு வருகிறது. வரலாற்று நூல்களில் மோர்மன் என்றே வழங்குவதால் இக்கட்டுரையிலும் அவ்வாறே குறிக்கப்படுகிறது.

இளமை

நெவாடா மாநிலத்தின் கிழக்கு எல்லையில், வெர்ஜின் ஆற்றங்கரையில் அமைந்த பங்கர்வில் என்னும் சிற்றூரில் லீவிட் குடும்பத்தில் ஜுவானிட்டா பிறந்தார். 1877 இல் மோர்மன்கள் உடைமைகளைப் பொதுவாக வைத்து வாழ்வதற்கென உருவாக்கிய ஊர் அது. தந்தை ஹென்றி லீவிட் கால்நடை மேய்த்தவர், அஞ்சல் சுமந்தவர். தாய் மேரி ஹேஃபன் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர். தந்தைவழிப் பாட்டனாரான டட்லி லீவிட்டுக்கு ஐந்து மனைவியர். பலதார மணத்தைச் சபை 1890 இல் கைவிட்டது. ஆகவே ஜுவானிட்டாவின் தலைமுறைக்கு அது கேள்விப்பட்ட கதையன்று, வீட்டுப் பெரியவர்களின் வாழ்க்கை.

1919 இல் எர்னஸ்ட் பல்சிஃபர் என்பவரை மணந்தார். ஓராண்டு சிறிது கடந்ததும், 1921 ஜனவரியில், கணவர் புற்றுநோயால் இறந்தார். கைக்குழந்தையுடன் கைம்பெண்ணான ஜுவானிட்டா படிப்பைத் தொடர்ந்து 1925 இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் செயிண்ட் ஜார்ஜ் நகரின் டிக்ஸி கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். 1929 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1933 இல் அம்மாவட்டத்தின் ஷெரீஃப் ஆக இருந்த வில் புரூக்ஸை மறுமணம் செய்துகொண்டார். மனைவியை இழந்திருந்த வில்லுக்கு நான்கு மகன்கள் இருந்தனர். ஜுவானிட்டாவின் முதல் மகனும், இருவருக்கும் பிறந்த நால்வரும் சேர ஒன்பது பிள்ளைகள் வளர்ந்த வீடு அது. மணத்துக்குப் பின் கல்லூரிப் பணியை விட்டார்.

நீபை ஜான்சன்

புரூக்ஸை இந்த ஆய்வுக்கு இட்டுச் சென்ற நிகழ்ச்சி 1919 இல் நடந்தது. அப்போது அவர் மெஸ்கிட் என்னும் அண்டை ஊரில் பள்ளி ஆசிரியை. அவ்வூரில் வாழ்ந்த நீபை ஜான்சன் என்னும் முதியவர், சபை உறுப்பினர்களுக்கு ஆசி வழங்கும் பொறுப்பில் இருந்தவர். தம் கண்கள் கண்டதும் நா இதுவரை சொல்லாததுமான ஒன்றைச் சாவதற்கு முன் எழுதி வைக்க விரும்புவதாகவும், அதை எழுதித் தரவேண்டும் என்றும் அவர் இளம் ஆசிரியையைக் கேட்டுக்கொண்டார். பழைய குடியேற்றக் காலக் கதைகளாக இருக்கும் என்று எண்ணிய ஜுவானிட்டா, பள்ளி வேலை முடியட்டும் என்று நாள் கடத்தினார். முதியவர் சாகக் கிடக்கிறார் என்ற செய்தி வந்தபோதுதான் போனார். ஜான்சன் அப்போது நினைவு தடுமாறிய நிலையில் இருந்தார். வேண்டினார், பாடினார், பழங்குடியினரின் மொழியில் ஏதோ பேசினார், பின் இரத்தம், இரத்தம் என்று அலறினார். இவரை ஏதோ பிடித்து ஆட்டுவதுபோல் உள்ளதே என்று ஜுவானிட்டா அருகிலிருந்தவரிடம் கேட்க, அவர் மவுண்டன் மெடோஸில் இருந்தவர் என்ற விடை வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்காமற் போனதன் வருத்தம் இறுதிவரை அவரிடம் இருந்தது.

மவுண்டன் மெடோஸ் படுகொலை

1857 கோடையில் அமெரிக்க அரசின் படை யூட்டாவை நோக்கிப் புறப்பட்டிருந்தது. மிசூரியிலிருந்தும் இலினொயிலிருந்தும் துரத்தப்பட்ட நினைவு மாறாத மோர்மன்கள், தம்மை அழிக்கவே படை வருகிறது என்று அஞ்சினர். சபைத் தலைவர்களில் ஒருவரான ஜார்ஜ் ஏ. ஸ்மித் தென் யூட்டா ஊர்கள்தோறும் சென்று, தானியத்தைச் சேமியுங்கள், போருக்கு ஆயத்தமாகுங்கள் என்று உரையாற்றினார். அந்நேரத்தில்தான் ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து செல்லும் குடும்பங்களின் வண்டித்தொடர் ஒன்று அவ்வழியே வந்தது.

செப்டம்பர் 7 அன்று மவுண்டன் மெடோஸ் என்னும் மேய்ச்சல் வெளியில் அவர்கள் தாக்கப்பட்டனர். வண்டிகளை வட்டமாக நிறுத்தி அவர்கள் ஐந்து நாள் எதிர்த்து நின்றனர். செப்டம்பர் 11 அன்று ஜான் டி. லீ என்னும் மோர்மன் வெள்ளைக்கொடியுடன் சென்று, ஆயுதங்களை ஒப்படைத்தால் பாதுகாப்பாக அழைத்துச் செல்வதாக வாக்களித்தார். நம்பி வெளியே வந்த ஆண்கள் ஒவ்வொருவரின் பக்கத்திலும் ஒரு மோர்மன் படைவீரர் நடந்தார். குறிப்பு கொடுக்கப்பட்டதும் பக்கத்தில் வந்தவர்களே சுட்டனர். முன்னே சென்ற பெண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 120 பேர் இறந்தனர். பேசத் தெரியாது, நினைவில் நிற்காது என்று கருதப்பட்ட 17 சிறு குழந்தைகள் மட்டுமே விடப்பட்டனர். அவர்கள் 1859 இல் ஆர்கன்சாவிலுள்ள உறவினரிடம் அனுப்பப்பட்டனர்.

என்ன செய்வது என்று கேட்டு உள்ளூர்த் தலைவர்கள் சால்ட் லேக் நகரிலிருந்த சபைத் தலைவர் பிரிகாம் யங்குக்குக் குதிரையில் ஆள் அனுப்பியிருந்தனர். பயணிகளைத் தடுக்காமல் போகவிடுங்கள் என்ற யங்கின் மறுமொழி வந்து சேர்ந்தபோது கொலைகள் நடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

பழி முதலில் பையூட் பழங்குடியினர் மீது முழுவதுமாகச் சுமத்தப்பட்டது. பின்னர் அது லீ மீது இறங்கியது. 1874 இல் ஒன்பது பேர் மீது குற்றஞ்சாட்டப்பட்டாலும் தண்டனை பெற்றவர் லீ ஒருவரே. 1877 மார்ச் 23 அன்று படுகொலை நடந்த அதே இடத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் தென் யூட்டாவில் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்றாயிற்று. கொன்றவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் ஒரே ஊர்களில், ஒரே கோயில்களில், ஒருவரோடொருவர் மணவுறவு கொண்டு வாழ்ந்தனர் என்பதை நினைத்தால் அம்மௌனத்தின் கனம் விளங்கும். படுகொலையின்போது இருந்தவர்களுள் டட்லி லீவிட்டின் பெயரும் சொல்லப்படுவதுண்டு.

ஆய்வு

1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின்கீழ், வீடுகளில் கிடந்த குடியேற்றக்கால நாட்குறிப்புகளைத் திரட்டித் தட்டச்சில் படியெடுக்கும் பணியைப் புரூக்ஸ் மேற்பார்த்தார். 1940களில் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்துக்காகவும் இவ்வாறே ஆவணங்களைத் திரட்டினார். மக்கள் வேற்றூர் ஆய்வாளருக்குத் தரமாட்டார்கள். லீவிட் வீட்டுப் பெண்ணுக்குத் தந்தார்கள். அந்த நம்பிக்கையைக் கொண்டே அவர்கள் மறைக்க விரும்பிய கதையை எழுத நேர்ந்தது அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

பகலில் வீட்டு வேலை, இரவில் எழுத்து என்பது அவர் வழக்கம். சிறிய ஊரில் ஒரு பெண் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது ஏளனத்துக்கு இடமாகும் என்பதால், துணி தேய்க்கும் மேசையை எப்போதும் விரித்து வைத்திருந்து, யாரேனும் வந்தால் தேய்ப்பதுபோல் காட்டிக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் அவர் சபைப் பணியில் பின்தங்கியவரும் அல்லர். மோர்மன் பெண்களின் அமைப்பாகிய ஒத்தாசைச் சங்கத்துக்கு 1930களில் செயிண்ட் ஜார்ஜ் வட்டாரத் தலைவியாக இருந்தார்.

படுகொலையில் பங்கேற்ற சிலரிடமிருந்து முன்னரே வாக்குமூலங்கள் பெறப்பட்டிருந்தன. அவை சபைத் தலைமையகத்தில் இருப்பதை அறிந்து புரூக்ஸ் பார்க்கக் கேட்டார். பலமுறை முயன்றும், நேரில் சென்றும், இசைவு கிடைக்கவில்லை. தாம் மறுக்கப்பட்டதை அவர் நூலிலேயே பதிவு செய்தார்.

நூல்

'மவுண்டன் மெடோஸ் படுகொலை' 1950 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. கொலையைத் திட்டமிட்டு நடத்தியது உள்ளூர் மோர்மன் படையே என்று அந்நூல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. பிரிகாம் யங் கொலைக்கு உத்தரவிட்டார் என்பதற்குச் சான்று இல்லை என்றார் புரூக்ஸ். ஆயினும் யங்கும் ஜார்ஜ் ஏ. ஸ்மித்தும் ஆற்றிய உரைகளும் அவர்கள் உருவாக்கிய போர்ச்சூழலுமே இதற்கு இடங்கொடுத்தன என்றும், நடந்தபின் உண்மையை மறைக்க யங் உடந்தையானார் என்றும் எழுதினார். லீ குற்றமற்றவர் அல்லர். ஆனால் பலர் சேர்ந்து செய்த குற்றத்துக்கு அவர் ஒருவரே பலியாக்கப்பட்டார் என்பது அவர் முடிவு.

நூலின் மையமான கேள்வி யார் கட்டளையிட்டது என்பது மட்டுமன்று. இறைவேண்டல் செய்பவர்களும், அண்டை வீட்டாருக்கு உதவுபவர்களும், நல்ல தந்தையருமாகிய மனிதர்கள் இதை எவ்வாறு செய்தார்கள் என்பதையே அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அச்சம், பழைய காயங்கள், சபைத் தலைவர்களுக்கும் படைத் தலைவர்களுக்கும் ஒருசேரக் கீழ்ப்படியும் பழக்கம் ஆகியவற்றை விடையாக முன்வைக்கிறார். சபைத் தலைவரும் படை அதிகாரியும் அவ்வூர்களில் பெரும்பாலும் ஒருவரே என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

பிற்கால ஆய்வாளர்கள் சில குறைகளைச் சுட்டியுள்ளனர். பயணிகள் வழியில் மோர்மன்களைச் சீண்டினர் என்ற செய்திகளைப் புரூக்ஸ் ஓரளவு அப்படியே ஏற்றுக்கொண்டார். பையூட் மக்களின் பங்கையும் மிகுதியாகக் காட்டினார். வில் பேக்லி 2002 இல் வெளியிட்ட நூல் பிரிகாம் யங்கை நேரடியாகப் பொறுப்பாக்கியது. இருவகை ஆய்வாளர்களும் தொடங்குவது புரூக்ஸின் நூலிலிருந்தே.

சபையின் எதிர்வினை

சபை அவரை நீக்கவில்லை. நூலை வெளிப்படையாகக் கண்டிக்கவும் இல்லை. ஆனால் முன்போல் பொறுப்புகள் வரவில்லை. ஊரில் சிலர் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஷெரீஃப் பணிக்குப் பின் செயிண்ட் ஜார்ஜ் அஞ்சலகத் தலைவராக இருந்த கணவர் வில் உறுதுணையாக நின்றார்.

இவ்விடத்தில் ஃபான் புரோடியுடன் ஒப்பிடுவது பொருந்தும். அவரும் மோர்மன் குடும்பத்தவர். ஜோசப் ஸ்மித்தைப் பற்றி 1945 இல் அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்காக 1946 இல் சபையிலிருந்து நீக்கப்பட்டார். புரூக்ஸ் புரோடியின் உழைப்பை மதித்தார். ஆனால் ஸ்மித்தின் சமய அனுபவம் புனைவு என்ற கருத்தை ஏற்கவில்லை. சமயத்தின் அடிப்படை உண்மையானது என்று நம்பியதாலேயே அதன் வரலாற்றில் பொய் கூடாது என்பது புரூக்ஸின் வாதம். தம் சபைக்கு உண்மையைத் தவிர வேறெதுவும் தகுதியானதன்று என்ற பொருளில் நூலின் முன்னுரையிலும் எழுதினார்.

இளம் வயதில் இவர் சபையைக் குறைகூறக் கேட்ட தந்தை, மாடு மேய்ப்பவருக்கே உரிய முறையில் அறிவுரை கூறினாராம். மந்தையின் நடுவே குதிரை ஓட்டுபவன் அதில் சிக்கிக்கொள்வான். எதிர்த்து ஓட்டுபவன் மிதிபடுவான். பின்னால் வருபவனால் பயனில்லை. ஓரமாக ஓட்டிக் குரல் கொடுப்பவனே மந்தையைத் திருப்ப வல்லவன் என்பது அது. புரூக்ஸ் இதைப் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

1953 ஜூலையில் அரிசோனா அரசு ஷார்ட் கிரீக் ஊரில் பலதார மணம் செய்து வாழ்ந்தோரைக் கைது செய்து குழந்தைகளைப் பிரித்துச் சென்றது. சபைக்குச் சொந்தமான நாளிதழ் அதை ஆதரித்தபோது, கண்டித்துக் கடிதம் எழுதியவர்களுள் புரூக்ஸும் ஒருவர். பலதார மணத்தை அவர் ஆதரிக்கவில்லை. தாயிடமிருந்து பிள்ளைகளைப் பிரிப்பதை ஒரு கிறித்தவ சபை பாராட்டுவதைத்தான் அவரால் பொறுக்க இயலவில்லை.

லீயின் மறுசேர்ப்பு

லீயின் நாட்குறிப்புகளை ராபர்ட் கிளெலண்டுடன் இணைந்து 1955 இல் பதிப்பித்த புரூக்ஸ், 1961 இல் லீயின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். லீ 1870 இல் சபையிலிருந்து நீக்கப்பட்டவர். குடும்ப உறவு மறுமையிலும் தொடரும், அதற்குரிய சடங்குகளை இறந்தவருக்காக உயிரோடிருப்போர் செய்யலாம் என்பது மோர்மன் நம்பிக்கை. ஆகவே சபை நீக்கம் என்பது லீயின் வழித்தோன்றல்களுக்கு வெறும் பழைய அவப்பெயர் அன்று; தம் முன்னோரை என்றென்றைக்கும் இழப்பது.

1961 ஏப்ரல் 20 அன்று சபைத் தலைமை லீயின் உறுப்புரிமையையும் முன்னைய ஆசிகளையும் மீட்டளிக்க முடிவு செய்தது. அதை வெளியிட வேண்டாம் என்று தலைமை விரும்பியது. வெளியிட்டால் முடிவு திரும்பப் பெறப்படலாம் என்ற அச்சம் லீ குடும்பத்தாரிடம் இருந்தது. புரூக்ஸ் உடன்படவில்லை. மறைத்து வைப்பதால்தான் இத்தனை ஆண்டுத் துயரம் என்று கருதிய அவர், செய்தியைத் தம் நூலில் அச்சிட்டார். முடிவு திரும்பப் பெறப்படவில்லை.

பிற்காலம்

ஹோசியா ஸ்டவுட்டின் நாட்குறிப்பை 1964 இல் பதிப்பித்தார். வில் 1970 இல் காலமானார். தன்வரலாறு 1982 இல் வெளிவந்தபோது புரூக்ஸ் நினைவாற்றலை இழந்து வந்தார். 1989 இல் செயிண்ட் ஜார்ஜில் காலமானார். லீவை பீட்டர்சன் எழுதிய இவருடைய வாழ்க்கை வரலாறு அதற்கு முந்தைய ஆண்டில் வெளியானது.

படுகொலையின் 150 ஆம் ஆண்டு நிறைவான 2007 செப்டம்பர் 11 அன்று, மவுண்டன் மெடோஸில் நடந்த கூட்டத்தில் சபைத் தலைவர்களுள் ஒருவரான ஹென்றி ஐரிங், கொல்லப்பட்டோருக்காகவும், தவறாகப் பழி சுமந்த பையூட் மக்களுக்காகவும் சபையின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். சபையின் வரலாற்றாளர்கள் மூவர் எழுதிய விரிவான ஆய்வு நூலை 2008 இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. புரூக்ஸுக்குக் காட்ட மறுக்கப்பட்ட வாக்குமூலங்கள் அந்நூலில் பயன்படுத்தப்பட்டுள்ளன.