அச்சத்திற்கும் ஓர் அளவு



ஆய்வுக்கூடத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதே அரிய வினா. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதும் தவறு. பாம்பை எலியென்று எண்ணிக் கைநீட்டுவதும் தவறு. இவ்விரண்டிற்கும் இடையே விஞ்ஞானிகள் வழி கண்ட வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1970களின் தொடக்கத்தில், ஓர் உயிரின் டி.என்.ஏ.யை வெட்டி மற்றோர் உயிரின் டி.என்.ஏ.யோடு ஒட்டும் வித்தை அமெரிக்காவில் கைகூடியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பால் பெர்க், எஸ்.வி.40 என்னும் குரங்கு வைரசின் டி.என்.ஏ.யை ஈ.கோலி என்னும் பாக்டீரியாவினுள் புகுத்தக் கருதினார். அவ்வைரசோ எலியினத்தைச் சேர்ந்த சில பிராணிகளிடம் கட்டிகளை உண்டாக்கவல்லது, ஈ.கோலியோ மனிதக் குடலில் குடியிருப்பது. அது கூடத்தைவிட்டு வெளியேறினால் என்ன ஆகும் என்று சக விஞ்ஞானிகள் வினவினர். பெர்க் அச்சோதனையை ஒத்திவைத்தார். 1974இல் அவரும் தோழர்களும், இத்தகைய சில சோதனைகளைத் தாமாகவே நிறுத்திவைக்குமாறு உலக விஞ்ஞானிகளை வேண்டிக் கடிதம் வெளியிட்டனர்.

நிறுத்திய பணியை மீண்டும் தொடங்குவது எவ்வாறு? 1975 பிப்ரவரியில், கலிபோர்னியாக் கடற்கரையிலுள்ள அசிலோமாரில் சுமார் 140 பேர் கூடினர். சட்ட அறிஞரும் பத்திரிகையாளரும் அவர்களிடையே இருந்தனர். அபாயத்தை அளந்து சொல்லப் போதிய சான்று எவரிடமும் இல்லை. ஆயினும் ஒரு நெறியில் உடன்பட்டனர்: மதிப்பிட்ட அபாயம் எவ்வளவோ, காப்பும் அவ்வளவாக இருத்தல் வேண்டும்.

அதன்படி சோதனைகளை நான்கு படிகளாகப் பகுத்தனர். மிகக் குறைந்த அபாயமுள்ளவற்றிற்கு மேலங்கி அணிதலும், கூடத்தில் உண்ணாமை, பருகாமை, புகைக்காமை ஆகியவையும் போன்ற எளிய ஒழுக்கங்களே போதும். மிகுந்த அபாயமுள்ளவற்றிற்கோ காற்றடைப்புக் கதவுகளும், உடை மாற்றிக் குளிக்கும் நியதியும், உள்ளிருக்கும் காற்று வெளியேறாதபடி காற்றழுத்தத்தைக் குறைத்துவைக்கும் ஏற்பாடும் தேவை. சில சோதனைகள் அப்போதைக்குக் கூடவே கூடாது. கூடத்திற்கு வெளியே பிழைக்கமாட்டாத நலிந்த பாக்டீரியாவைப் பயன்படுத்துவது மற்றோர் அரண்.

1976இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் இந்நெறியை விதிகளாக்கின. அஞ்சிய தீங்கு நேராமையும் புதிய சான்றுகளும் கண்டு, சில ஆண்டுகளில் அவற்றைப் படிப்படியாகத் தளர்த்தின. அச்சத்திற்குரியதாயிருந்த அதே ஈ.கோலியில் 1978இல் மனித இன்சுலின் உருவாக்கப்பட்டது. 1982இல் அது நீரிழிவு நோயாளருக்கு மருந்தாக வந்தது. எல்லாச் சோதனைகளையும் ஒருசேரத் தடுத்திருந்தால் அம்மருந்து தாமதப்பட்டிருக்கும்.

மறுபக்கத்தையும் கூறவேண்டும். அதே 1978இல், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், பெரியம்மைக் கிருமியை ஆராய்ந்த கூடம் இருந்த கட்டடத்திலேயே பணியாற்றிய ஒரு பெண்மணி, அந்நோய் கண்டு இறந்தார். உலகம் அறிந்தவரை பெரியம்மையால் நேர்ந்த கடைசி மரணம் அதுவே. அங்கு அபாயம் புதியதன்று, நன்கறிந்தது. காப்புதான் அதற்கு ஈடாக இல்லை.

எல்லாவற்றிற்கும் ஒரே கடுமை காட்டுவது பாதுகாப்பு ஆகாது என்பது என் கருத்து. உப்புக் கரைசலுக்கும் கடுங்காரத்திற்கும் ஒரே விதி விதித்தால், மாணவர் விதியையே சடங்கென்று கருதுவர். தேவையான இடத்திலும் அதைக் கைவிடுவர். ஆதலின், சோதனை தொடங்குமுன் மூன்றைக் கேளுங்கள்: என்ன தீங்கு நேரலாம்? அது எவ்வழியாக நேரும்? அவ்வழியை அடைப்பது எது? விடை தெரியாவிடில் கடுமையின் பக்கமே நில்லுங்கள். தெரிந்தபின் விதியைத் திருத்தத் தயங்காதீர்கள்.