கட்டையை எடுத்தாயிற்றா?

எங்கள் சேந்தமங்கலத்தில் தேர் வீதி முனையில் திரும்பும்போது கூட்டமெல்லாம் கலசத்தை அண்ணாந்து பார்க்கும். நான் மட்டும் கீழே, சக்கரத்தடியில் குந்தியிருக்கும் முட்டுக்கட்டைக்காரரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு பெரிய தேருக்குச் சுக்கான் கிடையாது. ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு அவர் கட்டை கொடுப்பார். அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

போர்க்களத்து டாங்கியும் இப்படித்தான் திரும்புகிறது என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடாது. 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் ஸோம் போர்க்களத்தில் முதல் டாங்கிகள் புறப்பட்டன. உள்ளே எட்டுப் பேர். அவர்களில் நால்வருக்கு வண்டியைத் திருப்புவதே வேலை. ஒருவர் ஓட்டுவார், தலைவர் பிரேக்கைப் பிடிப்பார், பின்னாலிருந்து இருவர் பக்கத்துக்கொன்றாகக் கியரை மாற்றுவார்கள். எஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. எல்லாம் கைச் சைகைதான். 1918-இல் வந்த ஐந்தாம் மாதிரி டாங்கியில் வில்ஸன் என்ற எஞ்சினீயரின் பல்சக்கர அமைப்பு அந்த நால்வர் வேலையையும் ஒருவர் கையில் கொடுத்தது.

இரண்டாம் உலகப் போரில் ‘பிரென் கேரியர்’ என்ற திறந்த சங்கிலி வண்டி ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதில் மோட்டார்காரைப் போல வட்டச் சக்கரமே உண்டு. அதைச் சற்றே திருப்பினால் அடிச்சக்கரங்கள் பக்கவாட்டில் நகர்ந்து, சங்கிலிப் பட்டையே வில்லாக வளையும். வண்டி மெல்ல ஒதுங்கும். மேலும் திருப்பினால் ஒரு பக்கத்துப் பிரேக் பிடிக்கும். வண்டி வெட்டித் திரும்பும்.

பல ஆண்டுகளுக்கு முன், பழைய வண்டிகளில் பித்துக்கொண்ட அன்பர் ஒருவர் அத்தகைய கேரியரைப் புதுப்பித்து வைத்திருந்தார். ராணுவப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் ஊர்ப் பெரியவரோடு நானும் பார்க்கப் போனேன். வண்டி ஓயாமல் இடப்பக்கமே இழுத்தது. இழுப்பைச் சரிக்கட்ட வலப்பக்கத்துப் பிரேக்கை முறுக்கியிருந்தார்கள். எஞ்சின் முக்கியது, வண்டியோ ஒரு முறை வேடிக்கை பார்த்த பிள்ளைகள் பக்கம் பாய்ந்துவிட்டது. நல்லவேளை, ஒருவருக்கும் அடி இல்லை. மறுநாள் அணிவகுப்பு.

பெரியவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. சமதரையில் நிறுத்தச் சொல்லி, இரு பக்கத்துச் சங்கிலியின் கண்ணிகளையும் எண்ணினார், தொய்வை அளந்தார். ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக இருந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்குமாம். இரண்டும் சமம். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டச் சொன்னார். பிறகு பின்பக்கப் பிரேக் டிரம்கள்மேல் தண்ணீர் தெளித்தார். வலப்பக்கம் ஆவி கிளம்பியது. இடப்பக்கமோ ‘சுர்’ரென்று கொதித்தது.

“ஏனுங்க, முட்டுக்கட்டையை எடுக்காமயே தேரை இழுக்கறீங்களே! ஒரு கட்டைக்கு இன்னொரு கட்டை வைத்தியமாகுமா?” என்றார்.

புதுப்பித்தபோது பூசிய பெயிண்டு இடப்பக்கப் பிரேக் கம்பியின் மூட்டுக்குள் இறங்கிக் காய்ந்துபோயிருந்தது. பிடித்த பிரேக் விடவில்லை. மூட்டைக் கழற்றிச் சுரண்டி, கிரீஸ் வைத்து, வலப்பக்கத்தையும் பழைய அளவுக்குத் தளர்த்தினார். வண்டி நூல் பிடித்தாற்போல் ஓடிற்று.

ஒரு பக்கத்தைப் பிடித்தால் அங்கே சக்தி வெறும் சூடாய்ப் போகிறதே என்ற கவலை பெரிய எஞ்சினீயர்களுக்கும் இருந்தது. மெரிட் என்பவர், தயங்கும் பக்கத்துச் சக்தியை ஓடும் பக்கத்துக்கே திருப்பிவிடும் கியரை வகுத்தார். போர்க்காலத்துச் சர்ச்சில் டாங்கியில் அது வந்தது. 1965-இல் நம் ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கியின் கியரும் அந்த வம்சந்தான்.

இன்றும் தேர் முனை திரும்பியதும் என் காது ஒரு குரலுக்காகக் காத்திருக்கும். “கட்டையை எடுத்தாச்சு!” என்று அவர் கூவிய பிறகுதான் வடத்தில் கை வைப்பேன்.