விளிம்பில்லாத இலை

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். அந்தப் பக்கத்துக் கரூர் சாலையில் திருப்பராய்த்துறை, ஜீயபுரம், அந்தநல்லூர் என ஊருக்கு ஊர் வாழைத் தோட்டம். ஸ்ரீரங்கத்துப் பந்தியில் விழும் தலைவாழை இலையின் பயணம் இப்படியொரு தோட்டத்தில் தொடங்குகிறது.

தாருக்காக வளர்க்கும் வாழையில் இலையை அளவாகத்தான் அறுப்பார்கள். அதிகம் அறுத்தால் காய் சிறுத்துப்போகும். இலைக்கென்றே வளர்க்கும் தோட்டம் தனி. அதற்குப் பெயர்போன ரகம் பூவன். காலை வெயில் ஏறுவதற்குள் அறுத்து, நுனி இலையைத் தனியாகவும் ஏட்டை அளவாக நறுக்கித் தனியாகவும் அடுக்கிக் கட்டிவிடுவார்கள். அறுக்கிறவர் சட்டையைப் பார்த்தாலே தொழில் தெரியும். வாழைக்கறை எந்தச் சலவைக்கும் போகாது.

இலைக்கு எதிரி காற்று. நடுநரம்பிலிருந்து இரு பக்கமும் ஓடும் கோடுகளின் வழியே அது இலையைக் கிழித்துவிடும். மரத்துக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. கிழிந்த இலை காற்றுக்கு வழிவிடுவதால்தான் மரம் சாயாமல் நிற்கிறது. ஆனால் அந்த இலை பந்திக்கு ஆகாது. ஆடியில் காற்று மிகும்போது முகூர்த்தமும் இல்லை. தை, வைகாசி, ஆவணியில் கட்டு என்ன விலைக்கும் போகும்.

திருச்சி மார்க்கெட்டைக் கடந்து ஸ்ரீரங்கத்துக் கல்யாண வீட்டுக்கு வந்து சேர்ந்த இலையை, நுனி உண்பவருக்கு இடப்பக்கம் வரும்படி போடுகிறார்கள். இதை வெறும் சம்பிரதாயம் என்று நான் நினைக்கவில்லை. குறுகிய இடப்பக்கத்தில் உப்பும் ஊறுகாயும் அடங்கும். வலக்கை புழங்கும் பக்கத்தில் இலை அகலமாக இருக்க வேண்டும். நடுநரம்பு குறுக்கே ஓடி இலையை இரண்டு பாதியாக்குகிறது. மேல்பாதி கறியமுதுக்கும் பச்சடிக்கும், கீழ்பாதி சாதத்துக்கு. இலையின் உடம்பைப் பார்த்து எழுதிய சட்டம் இது.

அந்த உடம்புக்கு ஒரு பெரிய குறை உண்டு: விளிம்பு கிடையாது. சாற்றமுது, அதாவது ரசம், வரும்போதுதான் உண்பவரின் தேர்ச்சி தெரியும். சாதத்தில் குழி செய்து, சுற்றிலும் வயலுக்கு வரப்புக் கட்டுவதுபோல் கரை எழுப்பி, பரிமாறுகிறவர் ஊற்ற ஊற்ற விரல் நுனியால் பிசைய வேண்டும். உள்ளங்கையில் ஏறக்கூடாது, முழங்கைக்கு வழியவே கூடாது. இத்தாலியில் நீண்ட ஸ்பகெட்டியைக் கத்தியால் நறுக்காமல், கரண்டியின் துணையும் இல்லாமல், முள்கரண்டியில் நாலைந்து இழையை மட்டும் தட்டோரத்தில் வைத்துச் சுருட்டக் குழந்தையிலேயே பழகுகிறார்கள். இங்கே குழந்தைக்குப் பாடம் சாற்றமுது சாதம். வழுக்கும் உணவைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோகும் வித்தைதான் இரண்டும்.

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள், துவாதசிப் பாரணையன்று, அதே இலைக்கு வேறு முகம். முதல்நாள் உபவாசம் இருந்த வயிற்றுக்காக அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் வந்துவிடும். திருமண விருந்தைவிட இந்த இலையைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன். ஆடம்பரம் இல்லாத பந்தியில் ஒவ்வொரு பண்டத்துக்கும் காரணம் இருக்கிறது.

இலைக்குச் சாதி தெரியாது. இலையைப் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். லண்டனில் சாவர்க்கரோடு பழகியவர், புதுச்சேரியில் பாரதியோடு வாழ்ந்தவர். அப்பேர்ப்பட்டவர் நடத்திய இடத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துக் கிளம்பினார்கள். காந்தி வரை போன அந்தச் சண்டை தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே திருப்பிவிட்டது. ஐயர் பொறுப்பைவிட்டு விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் உயிரிழந்தார். நுனி இடப்பக்கம் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, பக்கத்து இலையில் யார் உட்காரலாம் என்ற கேள்வியில் மனம் விரியவில்லை. அதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. இப்போதெல்லாம் ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் நடக்கும் பொது விருந்தில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். அந்த வரிசைக்கு இத்தனை பேர் போராட வேண்டியிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடிப்பது திருமண வீட்டு வழக்கம். துக்க வீட்டில் பல குடும்பங்கள் எதிர்ப்பக்கமாக மடிக்கும். மடித்தாலும் இலையின் பயணம் முடிவதில்லை. யாரோ ஒருவர் குனிந்து அதை எடுக்க வேண்டும், பிறகு அது மாட்டுக்கோ எருக்குழிக்கோ போக வேண்டும். நடுவில் சில வருடங்கள் பிளாஸ்டிக் பூசிய தாள் இலை பந்திக்குள் நுழைந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அதைத் தடை செய்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனாலும் ஐஸ்கிரீம் கப்பையும் பீடா சுற்றிய தாளையும் உள்ளே வைத்தே இலையை மடித்துவிட்டு எழுந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அவை மாட்டின் வயிற்றுக்குள் போகின்றன. அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மடிப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.