தேறல் தேர்ந்த நாவு

புதுக்கோட்டை மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 உரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு உண்டு. காசாக வழங்காமல் வெறும் பொன்னாகக் கொள்வதற்கே அவ்வாறு வெட்டினர் என ஆய்வாளர் சிலர் கருதுவர். அயல்நாட்டுப் பொருளைத் தம் அளவுகோல் கொண்டே மதிப்பிட்ட மக்கள் இவர்கள்.

பொன்னோடு மதுவும் வந்தது. அதனை ஏற்றிவந்த சாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்துள்ளன. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர் (புறம். 56) யவனர் கொணர்ந்த தேறலுக்குக் கூறும் சிறப்பு இரண்டு: தண்மை, நறுமணம். அச்சாடிகளின் உட்புறத்தில் தேவதாரு இனமரப் பிசினைக் காய்ச்சிப் பூசும் வழக்கம் மத்தியதரைக் கடல் நாடுகளில் இருந்தது. ஆதலின் பிசின் மணமும் மதுவிற் கலந்தே வந்திருத்தல் வேண்டும்.

உள்நாட்டுத் தேறலுக்கு அளவுகோல் வேறு. சிறுபாணாற்றுப்படை அதன் வேகத்தைப் பாம்பின் சீற்றத்தோடு ஒப்பிடும். ஔவையார் (புறம். 392) பன்னாள் முதிர்ந்த தேறலின் கடுப்பைத் தேளின் கடுப்பாகக் காண்பார். திருமுருகாற்றுப்படையின் கானவர் உண்பது மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்கள். புதுக்கோட்டை எல்லையை அடுத்த பிரான்மலையே பாரியின் பறம்பு என்பர், அந்நாட்டில் நிலத்துட் புதைத்து முதிர்வித்த மதுவைக் கபிலர் பாடுகிறார் (புறம். 120). வேகம், முதிர்ச்சி, கலம், நிலம் என்னும் நான்கும் இங்கே எடைபோடப்படுகின்றன.

காய்ச்சி வடிக்கும் ஸ்காட்ச் விஸ்கி இவற்றினின்றும் வேறானது. எனினும் அதனைச் சுவைத்துத் தரம் காண்போர் நோக்குவனவும் இவையே. ஸ்காட்லாந்தில் முளைகட்டிய வாற்கோதுமையைப் பீட் எனப்படும் சதுப்புநில மட்கின் புகையில் உலர்த்துவது ஒரு முறை. வடித்ததை ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு முதிரவிடல் சட்டம். புகைமணம் ஏறிய அம்மால்ட் விஸ்கியோடு மென்மையான தானிய விஸ்கியைச் சேர்ப்பது கலவை. தேர்வோர் முதலில் முகர்வர். சில துளி நீர் விட்டு மீண்டும் முகர்வர். பின்னரே நாவில் வைப்பர். புகை, தார், கடற்காற்று, மருந்து என மணங்களைப் பிரித்துக் கூறுவர். புகை ஏனைச் சுவைகளை விழுங்கியதா, அவற்றோடு இயைந்ததா என்பதே இறுதி வினா.

இவ்வினாவைத் தமிழிற் கேட்கச் சொல் உண்டு. தெளிந்தது தேறல், நறுமணத்தது நறவு, பிழிந்தெடுத்தது பிழி, இல்லத்திற் சமைத்தது தோப்பி. பெயரே மதிப்பீடாக நின்ற காலம் அது. இன்றோ அனைத்தும் மது என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிட்டன. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் அறம் குடியை விலக்கியது, நுண்சொற்களை விலக்கவில்லை. பொருளை விலக்கியோரும் சொல்லைக் காக்கலாம். அக்காவல் கவிஞர்க்கு உரியது. புகையின் மணத்தை மருந்தின் மணத்தினின்று பிரித்துக் கூறுவதற்கு நாவின் கூர்மை மட்டும் போதாது, மொழியின் கூர்மையும் வேண்டும்.